பீற்றிஸின் கட்டிலும் அரை லொறிச் சாமானும்

சேசு மரி சூசை துணை

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
1966 ஆவணி, புதன்கிழமை.

வாகரையில் தென்னந்தோட்டமும் மன நிம்மதியும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற என் மதிப்புக்குரிய மைத்துனர் அருளப்பு அவர்களுக்கு, உங்கள் தங்கை பீற்றிஸைக் கைப்பிடித்த பாக்கியவானாகிய யாக்கோப்பு எழுதிக்கொள்வது.

கடிதத்தின் கனத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சில் கை வைக்க வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் தங்கை பாறை மாதிரி இருக்கிறாள்; அந்தப் பாறையில் மோதி மோதித் தேய்ந்துகொண்டிருப்பவன் நான்தான். இந்த முறை தேங்காய் காய்ப்பு எப்படி, திரேசா அக்காவின் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் பிடித்ததா, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியது நின்றுவிட்டதா என்றெல்லாம் முறைப்படி விசாரிக்க வேண்டியவன் நான். விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் மச்சான், விஷயம் அவசரம். நீங்கள் இந்தக் கடிதத்தைக் கண்டதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, பிறந்த வீட்டு மூத்தவர் என்ற உரிமையோடு உங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் அது வாவியில் விழுந்த கல் மாதிரி, ஒரு வட்டம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறது.

உங்களுக்குப் பாதி தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். நம்முடைய செசீலியா ஹற்றனுக்கு அங்கால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மருமகன் ஜெயராஜா அதே தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். மூத்த குழந்தை இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறது, அடுத்தது வயிற்றில். ‘நீங்கள் இரண்டு பேரும் அங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், இனி எங்களோடு வந்து இருந்துவிடுங்கள்’ என்று பெருநாள் கழிந்த கையோடு எழுதினாள். ஒரே பிள்ளை கூப்பிடுகிறாள், போகாமல் இருக்க முடியுமா? நானும் சம்மதித்தேன், பீற்றிஸும் சம்மதித்தாள். நன்றாகக் கவனியுங்கள், அவளும் சம்மதித்தாள். வீட்டைப் பூட்டிவைத்தால் கறையான்தான் குடியிருக்கும் என்று ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசி, வருகிற திங்கட்கிழமை அவர்கள் சாமானோடு வந்து இறங்குவதாக முடிவாகிவிட்டது. காத்தான்குடி முத்தலிப்பின் லொறி மலைநாட்டுக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகும். பாதி லொறியில் தேங்காய், மீதிப் பாதி நமக்கு என்று அவனோடும் பேசியாயிற்று. சனிக்கிழமை லொறி. செசீலியாவுக்குத் தோட்டம் கொடுத்திருக்கிற குவாட்டர்சில் இரண்டே அறை. ஆகவே அரை லொறிக்குக் கொள்ளுவதைக் கொண்டுபோக வேண்டும், மற்றதை விற்க வேண்டும். இதில் விளங்காதது ஏதாவது இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். வாலிப வயதில் அரசாங்கக் களஞ்சியத்துக்குள் நுழைந்து, ஸ்டோர்கீப்பராகி, தலை நரைத்து வெளியே வந்தவன். மண்வெட்டியிலிருந்து மண் அள்ளும் இயந்திரம் வரை, எது இன்னும் உதவும் எது இனி உதவாது என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடியவன் என்று பெரிய எஞ்சினியர்மாரே ஒப்புக்கொண்டவர்கள். கழித்துவிட வேண்டிய சாமானைக் கண்டால் எனக்கு இரக்கம் கிடையாது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஒரு துண்டு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் சுற்றினேன். கொண்டுபோவதற்கு வட்டம், விற்பதற்குப் பெருக்கல் குறி. அவ்வளவுதான் சட்டம். தையல் மெசினுக்கு வட்டம். மாதா சுரூபத்துக்கு வட்டம் போடக் கை கூசியது, அதனால் அது நிற்கிற பலகைக்குப் போட்டேன். அம்மிக்குப் பெருக்கல், உரலுக்குப் பெருக்கல், அலுமாரிக்குப் பெருக்கல், பெட்டகத்துக்குப் பெருக்கல், குசினியில் தொங்குகிற பழைய செப்புக் கிடாரத்துக்கு இரண்டு பெருக்கல். குளித்துச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பி வந்து பார்க்கிறேன், மச்சான், என்னுடைய ஒவ்வொரு பெருக்கல் குறியையும் சுற்றி அழகாக ஒரு வட்டம் போடப்பட்டிருக்கிறது.

“இதென்ன பீற்றிஸ்?” என்று கேட்டேன்.

“நீங்க போட்டதை நான் அழிக்கல்லையே. நீங்க போட்டது நீங்க போட்டது, நான் போட்டது நான் போட்டது.”

“சரி, வட்டத்துக்குள்ள பெருக்கல் எண்டா என்ன அர்த்தம்? விக்கிறதோ, கொண்டு போறதோ?”

“வித்தாலும் விப்பம், கொண்டு போனாலும் போவம் எண்டு அர்த்தம்.”

எத்தனையோ வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தவன் நான். அரசாங்கத்திடம்கூட இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை.

சரி, வாங்குகிற ஆட்கள் வந்து கேட்டால் அவள் மனம் இறங்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையிடம் விஷயத்தை மெல்லச் சொல்லிவைத்தேன். ஆச்சிப்பிள்ளைக்கு ஒரு விஷயத்தைச் சொன்னால் வாவிக்கு அக்கரையிலும் அது கேட்கும் என்பது நீங்கள் அறிந்ததுதான். அன்று பின்னேரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு முன் கதிரையில் வியாபாரி மாதிரி உட்கார்ந்தேன். வந்தவர்களில் ஒருவராவது எதையாவது வாங்க வந்தாரா? இல்லை! எல்லாரும் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள். உங்கள் தங்கை கலியாணம் முடித்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்தவள். யார் கேட்டாலும் ‘ஓம், எடுத்திட்டுப் போங்க’ என்பாள். மற்ற நாளில் அந்தச் சாமானை அவர்களுக்கும் நினைவில்லை, நமக்கும் நினைவில்லை. நாம் ஊரைவிட்டுப் போகிறோம் என்றதும் ஊர் முழுவதற்கும் மனச்சாட்சி முளைத்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து இடியப்ப உரல், ஒரு வீட்டிலிருந்து மடக்குக் கதிரைகள், இன்னொரு வீட்டிலிருந்து செசீலியாவின் தொட்டில். அது எத்தனை பிள்ளைகளை ஆட்டியதோ, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குள் நாம் ஒருநாளும் வைத்திருந்திராத ஒரு பித்தளைப் பாத்திரம் வேறு. ‘இது எங்களுடையது அல்ல’ என்றேன். ‘எங்கடயும் இல்ல ஐயா, அப்ப உங்கடதான்’ என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் தச்சுவேலை செய்கிற சாமித்தம்பி ஒரு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“ஐயா, இது உங்கட ஏணி. நீங்க போறீங்க எண்டு கேள்விப்பட்டன், மனசு கேக்கல்ல.”

“எப்ப எடுத்தது?”

“கோயில்ல ஓடு மாத்தின வருசம்.”

நான் ஏணியைத் தடவிப் பார்த்தேன். ஸ்டோர்கீப்பர் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. “இந்தக் கால் நம்மட ஏணிட கால் இல்லையே, சாமித்தம்பி?”

“ஓம் ஐயா. கால் ரெண்டும் உளுத்துப் போச்சி, மாத்தினன்.”

“படி?”

“படியும் மாத்தினன்.”

“அப்ப இதில எங்கட எது?”

அவன் நியாயமான மனிதன், ஏணியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். “பேர், ஐயா. ஊருக்குள்ள எல்லாரும் இத ஸ்டோர் ஐயாட ஏணி எண்டுதான் சொல்லுற.” பெயருக்காக ஒரு ஏணியைப் பொறுப்பேற்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் தங்கை என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? வெண்கட்டியை எடுத்து வந்து ஏணியில் ஒரு வட்டம் போட்டாள்.

ஆச்சிப்பிள்ளை மட்டும் சும்மா இருப்பாளா? திங்கட்கிழமை விடிய ஒரு பெரிய கூடையை மூடிக்கொண்டு வந்தாள். திறந்தால் கோழிகள். ஒரு கோழியல்ல மச்சான், ஒரு குடும்பம். “பீற்றிஸக்கா அந்தக் காலத்தில அடைவைக்க ஒரு கோழி தந்தா. அது கழுத்து முறிஞ்சி செத்துப் போச்சி. இதெல்லாம் அதிட பேரப்புள்ளையள். நம்மட எண்டு ஒண்டையும் வைக்கல்ல, எல்லாம் கொண்டு வந்திட்டன்,” என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். என்னுடைய களஞ்சியத்தில் நான் பொறுப்பெடுத்த நாள் முதல் ஒப்படைத்த நாள் வரை ஒரு கடப்பாரையாவது குட்டி போட்டதில்லை. குட்டி போடுகிற சாமானுக்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது. வீட்டைக் காலியாக்கப் புறப்பட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை இருந்த சாமானைவிடத் திங்கட்கிழமை இருந்த சாமான் இரண்டு மடங்கு. உட்காரலாம் என்று கதிரைக்குப் போனால் கதிரையில் கோழி.

இனி அலுமாரி விஷயத்துக்கு வருகிறேன். மாமா உங்கள் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த அந்த முதிரை மரத்து அலுமாரி உங்களுக்கு நினைவிருக்கும். அதை வாங்குவதற்கென்றே பழைய சாமான் வியாபாரம் செய்கிற கச்சி முகம்மது நேற்றுக் காலையில் வந்தார். உண்மையில் வாங்க வந்த ஒரே மனிதர். கதவைத் திறந்து மூடி, பின்பக்கம் தட்டி, கண்ணாடியில் தன் தாடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, ‘நல்ல மரம்’ என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். அறை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அந்த வாசல் நிலை ஊறிப்போய், பிறகு நான் நின்று புது நிலை வைப்பித்தேன் அல்லவா? அது பழையதைவிடச் சற்று ஒடுக்கம் என்பது நேற்றுத்தான் வெளிப்பட்டது. நேராகத் தள்ளினார்கள், வரவில்லை. சரித்தார்கள், வரவில்லை. படுக்கப் போட்டார்கள், பாதி வந்து இறுகிவிட்டது. அறைக்குள் இருந்த நான் அறைக்குள், வெளியே இருந்த உங்கள் தங்கை வெளியே. நான் யன்னல் வழியாகத் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கச்சி முகம்மது வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, நான் ஒண்டு செல்லுறன், கோவிக்காதீங்க. அலுமாரிய விக்கிறதெண்டா ஊட்டையும் சேத்து வில்லுங்க,” என்றார். பிறகு அதைத் திரும்ப உள்ளே தள்ளி என்னை மீட்டார்கள். அந்த மனிதர் வெறுங்கையோடு போகவும் இல்லை என்பதுதான் கூத்து. நாம் போகிற இடம் எது என்று விசாரித்தார். ஹற்றன் என்றதும் முகம் மாறிவிட்டது. “யா அல்லா, அங்க குளிர் எலும்புக்குள்ள பூரும் ஐயா!” என்று சொல்லி வண்டிக்கு ஓடிப்போய் ஒரு கம்பளிக் கோட்டைக் கொண்டு வந்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனதாம். அதைப் போட்டுப் பார்க்கும்படி வற்புறுத்தினார். போட்டேன். மட்டக்களப்பு ஆவணி வெயில், மச்சான், கச்சான் காற்று வேறு அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வீசுகிறது. மேல் பொத்தான் சிக்கிக்கொண்டு கழற்ற முடியவில்லை. பீற்றிஸ் கத்தியைக் கொண்டு வரும்வரை நான் துரை மாதிரி நடுவாசலில் நின்று அவிந்துகொண்டிருந்தேன். அந்த நிலையில் எந்த மனிதனும் எதற்கும் சம்மதிப்பான். அலுமாரி விற்கப்படவில்லை, கோட்டு வாங்கப்பட்டது. இதற்கும் அவள் வெண்கட்டியைத் தேடினாள். கறுப்புக் கோட்டில் வட்டம் நன்றாகத் தெரிகிறது.

இவ்வளவையும் பொறுத்தேன். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இவை ஒன்றுமல்ல. காரணம் கட்டில்.

நேற்றுப் பின்னேரம் செசீலியாவின் இரண்டாவது கடிதம் வந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காக யோசிக்கிற பிள்ளை, என்னைப் போல. எங்கே யார் படுப்பது என்று விவரமாக எழுதியிருந்தாள். உள் அறை அவளுக்கும் மருமகனுக்கும். மற்ற அறையில் அம்மாவும் குழந்தையும், அடுத்தது பிறந்தால் அதுவும். அப்பாவுக்கு முன்விறாந்தையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டு, குளிர் அடிக்காமல் படங்குத் துணியால் மறைத்துத் தருவதாக மருமகன் சொல்கிறாராம். பகலில் மடித்துவிட்டால் அந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அறை வீட்டில் அவர்கள் என்ன செய்வார்கள்? நான் கடிதத்தை உரக்க வாசித்து முடித்துவிட்டு, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு போய், எங்கள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அது பெரிய கட்டில். அரை லொறியில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அங்கே அது தேவையில்லை என்பது கணக்குப்படி சரி.

பீற்றிஸ் வந்து பார்த்தாள். நான் காத்திருந்தேன், வட்டம் போடுவாள் என்று. போடவில்லை. கையில் இருந்த துணியால் என்னுடைய பெருக்கல் குறியை அழுத்தித் துடைத்து, ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல் அழித்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் நான் போட்ட குறி ஒன்றை அழித்தது அதுதான் முதல் தடவை.

“பீற்றிஸ், இதுக்கு அங்க இடமில்ல.”

“அப்ப எனக்கும் இடமில்ல.”

“உனக்குத்தான் அறைக்குள்ள இடம் வைச்சிரிக்காளே புள்ள!”

“உங்களுக்கு?”

“எனக்கு விறாந்தையில. படங்கு கட்டித் தாறாராம்.”

அவள் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் உங்கட குறட்டையக் கேட்டுக் கேட்டுப் படுத்தவள் நான். மொதல் வருசம் நித்திரையே இல்ல. மறுகா பழகிப் போச்சி. அது நிண்டா முழிப்பு வருது எனக்கு. மூச்சு இரிக்கா எண்டு தொட்டுப் பாக்கிற. இனி அந்தக் குளிருக்குள்ள, சுவருக்கு அங்கால நீங்க படங்குக்குள்ள கிடந்தா, நான் எப்பிடித் தொட்டுப் பாக்கிற?”

மச்சான், தொட்டுப் பார்க்கிறாள் என்பதே எனக்கு நேற்றுவரை தெரியாது. நான் லொறியின் நீளத்தையும் கட்டிலின் நீளத்தையும் எடுத்துச் சொன்னேன். அவள் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. மீன் பொரித்தாள், சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். எல்லாம் வாய் திறக்காமல். ஆச்சிப்பிள்ளையோடு மட்டும் வேலியடியில் நின்று குசுகுசுவென்று நெடுநேரம் பேசினாள். இன்று காலையிலும் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்த சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கும் அந்த விறாந்தை விஷயம் வாசித்த நேரத்திலிருந்து என்னவோபோல்தான் இருக்கிறது. களஞ்சியத்தில் உள்ளே அடுக்க இடமில்லாத சாமானை விறாந்தையில் வைத்துப் படங்கு போட்டு மூடச் சொல்கிறவனே நான்தான். அப்படி வைத்தது பிறகு உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதைப் பெற்ற பிள்ளைக்கு எழுதலாமா? எழுதினால் அவள் வருந்துவாள். பீற்றிஸிடம் சொல்லலாமா? சொன்னால் பயணமே நின்றுவிடும், பிள்ளைப்பேற்று நேரத்தில் செசீலியா தனியாகத் தவிப்பாள். வாத்தியாரோ திங்கட்கிழமை வாசலில் வந்து நிற்பார். அவருக்கு நான் என்ன காட்டுவது? விற்க முடியாத அலுமாரி ஒன்று, பெயர் மட்டும் நம்முடையதான ஏணி ஒன்று, கோழிக் குடும்பம் ஒன்று, பேசாத மனைவி ஒருத்தி, நடுவில் வெண்கட்டியோடு நான்.

ஆகவே நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் வந்து சேர வேண்டும். வந்து உங்கள் தங்கையை இருத்தி, பயணம் போகிறவர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும், கட்டில் வெறும் மரம் என்பதையும், கணவன் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். கட்டில் வெறும் மரம் என்கிற இடத்தைச் சற்று மெதுவாகச் சொல்லுங்கள். இந்த வீட்டில் தீர்மானம் எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; ஆனால் எடுத்த தீர்மானத்தை நிறைவேற்ற எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும். அவள் தானாக ஒரு கரண்டியைக்கூட நகர்த்தப் போவதில்லை. இதை நான் எழுதித் தருகிறேன்.

திரேசா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. வேளாங்கண்ணி மாதாவின் காவல் உங்கள் வீட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் இருக்கட்டும். கொஞ்சம் மிஞ்சினால் இந்தப் பக்கமும் திருப்பிவிடும்படி நேர்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை வாசலிலே பார்த்திருக்கும் மைத்துனன்,
சூ. யாக்கோப்பு
(ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர்)

பி.கு.: அண்ணன், இது பீற்றிஸ். இவர் காலமை தேத்தண்ணி குடிச்ச கையோட வாவிப் பக்க அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவர், பின்னேரம் வரைக்கும் எழுதினார். பகல் சோறு கொண்டுபோய் வைச்சன், என்ன கறி எண்டும் பாக்காமச் சாப்பிட்டார். எழுதுற நேரத்தில இவர்ட காதுக்குள்ள கோயில் மணி அடிச்சாலும் கேளாது. இப்ப மேசையில தலைய வைச்சி நித்திரை. கடுதாசிய எடுத்து வாசிச்சன். நல்லா எழுதியிரிக்கார், அழிக்க மனமில்ல. ஆனா நான் போகமாட்டன் எண்டு எப்ப சொன்னன்? கட்டில் வருமோ வராதோ எண்டுதானே கேட்டன். இவர் லொறிட நீளத்தச் சொன்னார். அதான் நேத்து ஆச்சிப்பிள்ளைட மகனக் கொண்டு செசீலியாவுக்குத் தந்தி குடுத்தன், அப்பா எங்க படுக்கிறாரோ அங்கதான் நானும் எண்டு. இண்டைக்குப் பத்து மணிக்கெல்லாம் பதில் வந்திட்டு. ‘கட்டிலோடு வரவும். சாப்பாட்டு மேசை விற்றாயிற்று.’ பாருங்க அண்ணன், நாங்க இஞ்ச எத விக்கிறது எண்டு அடிபட, அவள் அங்க தன்ட மேசைய வித்து அப்பாவுக்கு உள்ளுக்க இடம் எடுத்திட்டாள். இனி எல்லாரும் நிலத்தில இரிந்து சாப்பிடுவம்.

தேங்காய் முந்திச் சேந்திட்டு எண்டு முத்தலிப் இண்டைக்கே லொறியக் கொண்டு வந்திட்டான். அதுவும் நல்லதாப் போச்சி. அலுமாரி கழட்டிப் பூட்டுற அலுமாரி, அண்ணன். நம்மட அப்பா துண்டு துண்டாக் கொண்டு வந்து பூட்டினத நான் என்ட கண்ணால கண்டனான். நேத்து இவர் யன்னலால தேத்தண்ணி குடிக்கக்குள்ளயும் ஆரும் எனக்கிட்டக் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. அங்க இவருக்கும் எனக்கும் இடம் எங்க எண்டு தெரியும் வரைக்கும் ஒண்டும் போகக் கூடாது எண்டு இரிந்தன். இண்டைக்குச் சாமித்தம்பி வந்து ஆணியக் கழட்டினான், அலுமாரி பலகையாப் போய்க் கச்சி முகம்மதுட வண்டியில ஏறிட்டு. அம்மி, உரல், கிடாரம் எல்லாம் கேட்ட கேட்ட ஆக்களுக்குக் குடுத்திட்டன். இரவல் இல்ல, குடுத்திட்டன். கோழியள் வாத்தியார்ட பொஞ்சாதிக்கு. கட்டில் லொறியில முதல் ஏறினது, அதுக்கு மேலதான் மாதா இரிக்கிறா. நாங்க நாளைக்கு விடிய ரயிலுக்குப் போறம். நீங்க வரத் தேவையில்ல, அண்ணன். நான் போய்ச் சேந்து எழுதுறன்.

வீட்டுக்குள்ள இனிக் கிடக்கிறது இவர் இரிக்கிற கதிரையும் தலை வைச்சிரிக்கிற மேசையும் மட்டுந்தான். அது ரெண்டும் சாமித்தம்பிக்கு எண்டு சொல்லிட்டன், அவன் வாசல்ல காத்துக்கொண்டு நிக்கான். மெதுவா இவர எழுப்பப் போறன்.